கட்டற்றவர் வீட்டுப் பாத்திரங்கள்

சாயங்காலம் ஆறேகால் மணிக்கு மனைவி போனைப் பார்த்துச் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. கையிலிருந்த காபி சோபாவில் சிந்தியது.

சோபாவின் மறுமுனையில் இருந்த கணவருக்குப் பொறுக்கவில்லை. பதினேழு வருட இல்லறத்தில் அவரும் எத்தனையோ நகைச்சுவைகள் சொல்லிப் பார்த்திருக்கிறார். முக்கால்வாசி இயங்குதளங்களைப் பற்றியவை. ஒன்றுக்காவது அவள் தோள் குலுங்கியதில்லை.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. எங்க குழுவில ஒருத்தர் எழுதியிருந்தார்."

"ஒருத்தரா, ஒருத்தியா?"

"ஒருத்தர்தான்."

"பேரு?"

"சொந்தப் பேர்ல யாருங்க எழுதுறாங்க? மென்கைன்னு வெச்சிருக்கார்."

மென்கை! அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். விசைப்பலகை தட்டித் தட்டி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது.

அவரை அந்தக் குடியிருப்பில் எல்லாரும் 'கட்டற்றவர்' என்று அழைப்பார்கள். லிப்டில் மாட்டுகிறவர்களிடமெல்லாம் கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசியே அந்தப் பெயரை வாங்கினார். கல்யாணமான மனிதருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு கம்பெனியின் கணினிகளைப் பராமரிப்பது அவர் உத்தியோகம். மென்பொருள் என்றால் அதன் மூலநிரல் ஊரறியத் திறந்து கிடக்க வேண்டும், யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுக்கலாம் என்பது அவர் கொள்கை. கொள்கைக்காக வீட்டுக் கணினியின் இயங்குதளத்தை மாற்றினார். அன்று வாயை மூடிய பிரிண்டர் இன்றுவரை திறக்கவில்லை.

அவர் இருந்த இணைய மன்றத்தில் அவர் தொடாத விஷயம் இல்லை. 'சமையலறையில் ஜனநாயகம்' என்று பதினான்கு பகுதிகள் எழுதினார். எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் காபி ஆறினால், "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று சமையலறையை நோக்கிக் குரல் கொடுப்பார். 'துணைவரின் கடவுச்சொல்லைக் கேட்பவன் சர்வாதிகாரி' என்ற கட்டுரைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு விருப்பக்குறிகள் விழுந்தன. மனைவி பெருமைப்பட்டாள். பிரிண்டர் ஓடாததால் முதல் பத்தியைக் கையாலேயே எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

இப்போது அந்தக் கதவு அவரை முறைத்தது. போனைக் கொடு என்று கேட்க வாயெடுத்தார். எதிரே அவர் வாக்கியமே நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

ஆனாலும் பொறாமை சும்மா இருக்குமா? சாப்பாட்டு மேசையில் மென்கை தினமும் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்தார்.

"மென்கை இன்னைக்குக் குளியலறை ஓடு தேய்ச்சிருக்காருங்க. பழைய பல் பிரஷ்ஷை வெச்சு இடுக்கு இடுக்கா! என்ன பொறுமை!"

"வேலைவெட்டி இல்லாதவனா இருப்பான்."

"இல்லீங்க, பெரிய உத்தியோகமாம். நாள் பூரா நின்னுட்டே வேலையாம். வீட்டுக்கு வந்து இதையும் செய்யறார்."

கட்டற்றவருக்குச் சோறு இறங்கவில்லை. பயமாகவும் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவர் தோலைத் தாண்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்துவிட்டாளோ?

மறுநாளே ஒரு முடிவுக்கு வந்தார். கடவுச்சொல்லைக் கேட்பதுதானே தப்பு? மாறுவேடத்தில் போவதைப் பற்றி அவர் எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. 'அக்னி' என்று ஒரு புதுப்பெயரில் அந்தக் குழுவின் கதவைத் தட்டினார். குழுவின் பெயர் சமபங்கு. வீட்டு வேலையைப் பிரித்துக்கொடுக்கும் சின்ன செயலி ஒன்றும் அதே பெயரில் இருந்தது. கட்டற்ற செயலி! மூலநிரலே திறந்து கிடந்தது. நம் ஆள்கள்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. சட்டென்று தரவிறக்கினார்.

நிர்வாகியிடமிருந்து உடனே செய்தி வந்தது. 'ஆண்கள் இங்கே கட்டுரை எழுதி உறுப்பினராக முடியாது. தினமும் ஒரு வேலை செய்து படம் போட வேண்டும்.'

அந்த மாதம் அவளுக்கு மதிய ஷிப்ட்; இரண்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினாள். அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த கட்டற்றவர், இரண்டு ஐந்துக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்றார். அடிப்பிடித்த வாணலி ஒன்று அவருக்கு முக்கால் மணி நேரம் தண்ணி காட்டியது. விடுவாரா? படமெடுத்து, புது மென்பொருள் வெளியிடும் பாணியில் பதிவிட்டார்.

'வாணலி, பதிப்பு 1.0. மாற்றங்கள்: கருப்பு நீக்கப்பட்டது. தெரிந்த குறைகள்: கைப்பிடி ஓரம்.'

'எக்ஸ்ரே' என்ற பெயரில் எழுதும் அவர் மனைவி கீழே ஒரே ஒரு வார்த்தை போட்டாள். 'நன்று.' அதே நேரம் மென்கை துடைத்த ஜன்னல் வலையின் படத்துக்கு அவளே இரண்டு இதயங்கள் போட்டாள்.

இரண்டு! அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் வந்தபோது வாணலி பளபளவென்று தொங்கியது.

"என்னங்க இது, வாணலி மின்னுது?"

"சும்மா... போரடிச்சுது."

"அப்படியா," என்றாள் அவள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பிறகு அவருக்கு நாள்தோறும் போரடித்தது. ஃபேன் இறக்கை பதிப்பு 1.2. ஃப்ரிட்ஜின் பின்புறம் பதிப்பு 2.0. மெத்தைக்கடியில் மட்டும் மூன்று திருத்தங்கள். அங்கே ஆறு வருடமாகத் தேடிய ஒரு பென் டிரைவ் கிடைத்தது. மேல் அலமாரியைத் துடைக்க ஏறியபோது, உயரம் போதாமல் அவள் தினமும் ஏறி இறங்கும் ஸ்டூலின் ஒரு கால் ஆடுவதைக் கண்டார். மனசு ஒரு மாதிரி ஆனது. பொறாமையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்டூலுக்கு ஆணி அடித்தார். அதைப் பதிவிட மறந்தே போனார்.

ஒரு மாதம் ஓடியது. குழுவில் அறிவிப்பு வந்தது: செயலிக்கு ஒரு பராமரிப்பாளர் தேவை, உறுப்பினர்கள் வாக்களிக்கவும். பராமரிப்பாளர்! பழைய மன்றத்தில் பதினோரு வருடம் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத பதவி. போட்டியில் இரண்டு பேர்தான். அக்னி, மென்கை.

சனிக்கிழமை மாலை மென்கை ஒரு ஓட்டு முன்னால் இருந்தார். ஒருவரே இரண்டு பெயரில் ஓட்டுப் போடுவது ஜனநாயகப் படுகொலை என்று கட்டற்றவர் முன்பு முழங்கியிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய படம் ஒன்றைக் காட்டி 'நியாயம்' என்ற பெயரில் உள்ளே போய் ஓட்டுப் போட்டார். சமம்.

ஞாயிறு காலை, கடைசிப் படமாகக் குளியலறை ஓடுகளைப் போட்டுக் கதையை முடித்துவிடுவது என்று கிளம்பினார். வீட்டில் பழைய பல் பிரஷ் எல்லாம் தேய்ந்து தீர்ந்திருந்தது. எதிர்வீட்டில் பல் டாக்டர் இருக்க என்ன கவலை? போய் மணி அடித்தார்.

கதவு திறந்தது. முழங்கால்வரை ஈரம், ஒரு கையில் பல் பிரஷ், மறு கையில் போன். பல் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் ஓடுகள் வெள்ளைவெளேரென்று மின்னின. இடுக்கு இடுக்காக.

"ஒரு பழைய பிரஷ் வேணும்... ஓடு தேய்க்க," என்று இழுத்தார் கட்டற்றவர்.

பல் டாக்டரின் கண் சுருங்கியது. "ஓடு தேய்க்கவா? பதிப்பு எத்தனை?"

"நீங்க... மென்கையா?"

"அடப்பாவி, நீங்கதான் அக்னியா! ஒரு மாசமா என் பெண்டாட்டி உங்க புராணந்தான் பாடுறா! 'அக்னி ஃபேனைத் துடைச்சார், அக்னி ஃப்ரிட்ஜை நகர்த்தினார்'னு! எனக்குத் தூக்கமே போச்சு!"

"எனக்குச் சோறே இறங்கல!"

இரண்டு பேரும் சேர்ந்து கட்டற்றவர் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். சோபாவில் இருவரின் மனைவிகளும் காலை நீட்டிப் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். மடியில் மடிக்கணினி. திரையில் சமபங்கு. மேல் மூலையில் 'நிர்வாகி'.

"இது சதி!" என்று கத்தினார் கட்டற்றவர். "மூடின கதவுக்குள்ள நடந்த சதி!"

"மூடவே இல்லீங்களே," என்றாள் மனைவி. "மூலநிரல் திறந்துதானே கிடக்கு? முதல் வரியைப் படிங்க."

டீச்சர் திரையைத் திருப்பினாள். முதல் வரி கொட்டை எழுத்தில் இருந்தது. 'எதிரெதிர் வீட்டுக் கணவர்கள் இரண்டு பேரை வேலை செய்யவைக்க எழுதப்பட்ட நிரல். யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுக்கலாம்.'

மூலத்தைப் படியுங்கள், மூலத்தைப் படியுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை.

"இதுவரைக்கும் முந்நூறு வீட்டுல நகலெடுத்துட்டாங்க அண்ணா," என்றாள் டீச்சர் பெருமையாக.

"அது சரி, நான்தான் அக்னின்னு எப்பத் தெரிஞ்சுது?"

"வாணலியிலேயே தெரிஞ்சுது. பாத்திரம் கழுவிட்டு 'தெரிந்த குறைகள்'னு எழுதுற மனுஷன் உலகத்துல வேற யாருங்க இருக்கா?" என்ற மனைவி, குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அந்த ஸ்டூல் கால் மட்டும் பதிவுல வரல. நான் பாத்தேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. கோபத்தில் பாதி போயே போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கொண்ணும் கோவமில்ல. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்தப் பராமரிப்பாளர் பதவி... யாருக்கு?"

"சமமா நிக்குது. நியாயம்னு யாரோ ஒருத்தர் திடீர்னு வந்து ஓட்டுப் போட்டிருக்கார்," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். "அதனால, இன்னைக்கு மொட்டைமாடித் தண்ணித் தொட்டியை யாரு கழுவறாங்களோ அவங்களுக்கே குடுத்துடலாம்னு இருக்கோம்."

"நாங்க என்ன முட்டாளா? இனிமே ஒரு துரும்பைக்கூடத் தொட மாட்டோம்! என்ன டாக்டர், சொல்லுங்க!"

ஆதரவு தேடித் திரும்பினார். பல் டாக்டரைக் காணவில்லை. வாளியையும் காணவில்லை.