இரண்டாவது ரத்தம்

"ட்ரோபோனின்னா என்ன டாக்டர்?" என்று கேட்டதுதான், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த பஸ் டிரைவர் செய்த தப்பு.

"இதயத் தசைக்கு அது கண்டக்டர் மாதிரி. அது விசில் கொடுத்தாதான் தசை சுருங்கும். தசை அடிபட்டா, அது ரத்தத்துல இறங்கிடும். முதல் டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. சில மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்."

கண்டக்டர் நடுரோட்டில் நிற்கிறார் என்றால் பஸ் கவிழ்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்! டிரைவருக்கு வியர்த்தது. இதய நோய் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் லைசென்ஸ் போச்சு. ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

படுத்தார், புரண்டார், எழுந்து நடந்தார். நெஞ்சு படபடத்தது. படபடக்கிறதே என்று இன்னும் படபடத்தது. மனைவி வெந்நீருக்கும் மாத்திரைக்கும் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சும்மா படுங்களேன். எனக்கே முதுகெல்லாம் பிடிச்சுக்கிச்சு."

"உனக்கு முதுகு! எனக்கு இங்க பொழப்பே போகுது!"

அவள் அந்தப் பக்கம் போனதும், துணைக்கு வந்திருந்த மச்சானை இழுத்தார். அவர் ஜிம் மாஸ்டர். வாசற்படியில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும்.

"மச்சான், என் கட்டில்ல ஏறிப் படு. போர்வையைத் தலையோட இழுத்துக்க, கையை மட்டும் நீட்டு. இப்ப வந்திருக்கிற நர்ஸ் புதுசு, என்னைத் தெரியாது."

"மாமா... ரத்தமா எடுப்பாங்க?"

"பின்ன, சந்தனமா பூசுவாங்க? உங்கக்கா குடும்பமே உன் கையிலதான் இருக்கு!"

சொல்லிவிட்டு டாய்லெட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நர்ஸ் வந்து போன பிறகுதான் வெளியே வந்து, நிம்மதியாகப் படுத்தார்.

நிம்மதி நிலைக்கவில்லை. டாக்டர் ஓடி வந்தார்.

"ட்ரோபோனின் எகிறிடுச்சு! உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போங்க!"

"ஐயோ டாக்டர், நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று டிரைவர் கட்டிலைச் சுற்றி ஓடிக் காட்டினார்.

"பிடிங்க அவரை! ஓடினா உயிருக்கே ஆபத்து!"

இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து, ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் பட்டை மாட்டினார்கள். சக்கரம் உருண்டதும், லைசென்ஸாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது அவருக்கு.

"அது என் ரத்தமே இல்ல டாக்டர்! மச்சானோடது!"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு மச்சான் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க ஏறிப் படுங்க, சீக்கிரம்!"

ஜிம் மாஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஊசியைக் கண்டாலே எனக்கு மயக்கம் வந்துரும் சார்... போர்வைக்குள்ள படுத்திருந்தது எங்கக்கா."