பிரேக்குக்கு வந்த ஏப்பம்

பிரேக்கைச் சரி செய்யாமல் இன்று நான் எழுந்திருப்பதில்லை! வெள்ளிக்கிழமை காலை, பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இப்படி ஒரு சபதம் போட்டேன். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

எங்களுக்கு ஒரு நாற்றுப்பண்ணை. விதை போடுவது, தொட்டி நிரப்புவது, வாங்க வருகிறவர்களிடம் பேசுவது, என்னை ஏசுவது எல்லாம் என் மனைவியின் இலாகா. எனக்கென்று இருந்தது இரண்டுதான். ஒன்று, டிரைவர் சீட். இன்னொன்று, சனிக்கிழமைச் சந்தை. செடிகளை இறக்கி வைத்துவிட்டால் அப்புறம் மரநிழல், டீ, ஊர்வம்பு. வாரத்தில் அந்த ஆறு மணி நேரம் நான் ராஜா. மற்ற நேரமெல்லாம் குடிமகன்.

இந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அவளும் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். முதல் தடவையிலேயே பாஸ். எனக்கு எத்தனை தடவை ஆனது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

"இந்த வாரம் சந்தைக்கு நான் போறேங்க."

"தாராளமா போ. ஆனா பிரேக் கொஞ்சம் மெத்துனு இருக்கு. எங்கே எத்தனை மிதி மிதிச்சா நிக்கும்னு என் காலுக்குத்தான் தெரியும்."

இந்த ஒரே பதிலை வைத்து நாலு சனிக்கிழமை ஓட்டினேன். பொய்யும் இல்லை. போன மாதம் முன்சக்கரங்களில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிபர் இரண்டையும் என் கையாலேயே மாற்றினேன். அன்றிலிருந்து பெடல் பஞ்சு மெத்தைதான்.

நேற்று வண்டி தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. அவள் பார்த்துவிட்டாள். சாவி அவள் இடுப்புக்குப் போய்விட்டது.

"கைப்பிள்ளை இருக்கிற வீடு. பிரேக் சரியாகாம வண்டி வாசல் தாண்டாது. எங்கண்ணனை வரச் சொல்றேன்."

அவள் அண்ணன் மெக்கானிக். பத்து நிமிடத்தில் வண்டியைச் சரி செய்துவிட்டுப் பத்து வருடம் சிரிக்கிற மச்சான்!

"ஒருத்தரும் வர வேண்டாம். நானே பண்றேன்."

"நீங்களா? பாவம்ங்க, உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்? அண்ணன்னா..."

"நானேன்னா நானேதான்!"

"சரி, நான் பெடல் மிதிக்கிறேன்" என்றாள் உடனே. கொஞ்சம் அதிகமாகவே உடனே.

முதலில் நோய் என்னவென்று பார்த்தேன். பிரேக் ஆயில் குறையவில்லை. எங்கேயும் ஒழுகவில்லை. பெடலை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். தானாகக் கீழே இறங்கவில்லை. நாலு தடவை மிதித்தால் மேலே ஏறியது.

"காத்து! குழாய்க்குள்ள காத்து மாட்டிக்கிட்டிருக்கு!"

"அப்போ எடுத்து விடுங்க."

வேலை என்னவோ சுலபம்தான். அவள் பெடலை அழுத்திப் பிடிக்க, நான் சக்கரத்தில் இருக்கிற நிப்பிள் என்ற குட்டித் திருகைத் திறக்க வேண்டும். ஆயிலோடு காற்றுக் குமிழி வெளியே வரும். நான் மூடிய பிறகுதான் அவள் காலை எடுக்கலாம். பிள்ளையை மடியில் போட்டுப் பால் புட்டியைக் கொடுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"பிடி!"

"பிடிச்சாச்சு."

"விட்டுடாதே!"

"கல்யாணமான நாள்ல இருந்து பிடிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

பின்சக்கரங்கள் முடிந்தன. முன்சக்கரங்களும் முடிந்தன. குமிழியே இல்லை, சுத்தமான ஆயில்தான் வந்தது. ஆனால் பெடல்? அதே மெத்தை. மறுபடி நாலு சக்கரம். இரண்டு டப்பா ஆயில் தீர்ந்தது. என் தலைமுடியில் மட்டும் அரை டப்பா.

"அண்ணனுக்கு ஒரு போன்..."

"போட்டே, நான் இங்கேயே குடியிருந்துடுவேன்!"

பால் குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே கீழே இறங்கி, முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். பிள்ளை ஏவ் என்று ஏப்பம் விட்டது.

"ஏங்க, இந்த நிப்பிள் ஏன் காலிபருக்கு அடியில இருக்கு?"

"அது அங்கேதான் இருக்கும்."

"காத்து மேலே தானே ஏறும்? பிள்ளையை நிமித்தித் தோள்ல போட்டாதான் ஏப்பம் வருது. நீங்க இதைத் தலைகீழா தொங்க விட்டுட்டு, ஏப்பம் வரலியேன்னு காலையில இருந்து படுத்துக் கிடக்கீங்க!"

எட்டிப் பார்த்தேன். மறுபக்கமும் ஓடிப் பார்த்தேன். அங்கேயும் அடியில்தான். இடதுபக்கத்துக் காலிபரை வலதிலும், வலதுபக்கத்தை இடதிலும் மாட்டியிருக்கிறேன்!

"செருப்பை மாத்திப் போட்டாக்கூடத் தெரியுமே" என்றாள்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே."

"நான் ஏங்க சொல்றேன்? கழட்டுங்க."

கழற்றினேன். மாற்றி மாட்டினேன். இப்போது இரண்டு நிப்பிளும் மேலே இருந்தன.

"மிதி!"

பொளக்! பிள்ளைக்கு வந்ததைவிடப் பெரிய ஏப்பம். பொளக், பொளக் என்று ஒரு மாதத்துக் காற்றும் கிளம்பி வந்தது. குமிழி நின்றதும் மேலேயிருந்து குரல் கேட்டது.

"கல்லு மாதிரி நிக்குதுங்க!"

எழுந்தேன். நெஞ்சு என்னைக் கேட்காமலே நிமிர்ந்தது.

"பாத்தியா? யார் பண்ணினது?"

"நீங்களேதான். உங்களை மாதிரி உண்டா!"

கல்யாணத்துக்கு அப்புறம் கேட்கிற முதல் பாராட்டு. நான் மிதந்தேன். மிதந்துகொண்டிருந்த என் கையை அவள் துடைத்துவிட்டு, "பிள்ளையைப் பிடிங்க" என்று கொடுத்தாள். பிடித்தேன். அதற்குள் இடுப்பிலிருந்த சாவி வண்டிக்குள் போய் எஞ்சின் உறுமியது. சந்து முனை வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பி வந்து வாசலில் ஒரே மிதியில், கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள்.

"பிரமாதம்ங்க. இனிமே யார் வேணா ஓட்டலாம்."

யார் வேணா! அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக என் ராஜ்யத்துக்குக் காவல் இருந்தது அந்த ஒரு மெத்துப் பெடல். அதை நானே, இரண்டு டப்பா ஆயில் ஊற்றி, என் கையாலேயே ஒழித்துக் கட்டியிருக்கிறேன்.

சட்டென்று ஆரம்பித்தேன்: "பிரேக் சரிதான். ஆனா இந்த கியர் இருக்கே..."

"கியருக்கு என்னங்க? கெட்டிருந்தா அதையும் இன்னைக்கே பாத்துடுங்க. ஸ்பேனர் எல்லாம் வெளியதானே கிடக்கு. இல்லேன்னா அண்ணனை..."

கியர் தங்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாளைக்கு அவள் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய செடிகளை ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தேன்.