சேவியர் அங்கிளின் முதல் எழுத்து

புதிதாக ஒரு வித்தை கற்றவன் அதை வீட்டு விசேஷத்தில் காட்டாமல் விடமாட்டான். நானும் விடவில்லை.

அப்போது மவுஸைத் தொடுவதே பாவம் என்று திரிந்துகொண்டிருந்தேன். பிரவுசர் டேப்களை கீபோர்டாலேயே ஆள ஒரு சமாசாரத்தைப் போட்டிருந்தேன். அதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. சின்ன 'எக்ஸ்' தட்டினால் டேப் மூடும். பெரிய 'எக்ஸ்' தட்டினால் மூடிய டேப் உயிர்த்தெழும். நிஜமாகவே எதையாவது எழுத வேண்டுமென்றால், முதலில் 'ஐ' தட்டி எழுதும் நிலைக்குப் போக வேண்டும். (மவுஸே தேவலை என்பவர்கள் அமைதி காக்கவும்.)

அக்காவை வீடியோ காலில் பெண் பார்த்தார்கள். நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில், மாப்பிள்ளை பெங்களூரில், அவர் அப்பா நாகர்கோவிலில். அக்காவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. "ஏதாவது சொதப்பின, கொன்னுடுவேன்" என்று காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

அக்காவின் போட்டோக்களைக் காட்ட என் முழுத் திரையையும் பகிர்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா வாயசைத்தார், சத்தம் வரவில்லை.

"சம்பந்தியைப் போய் கத்திக் கூப்பிடாதடா, மரியாதையா எழுதிக் காட்டு" என்றாள் அம்மா.

அவர் பெயர் சேவியர். ஆங்கிலத்தில் முதல் எழுத்து எக்ஸ். மரியாதைக்காகப் பெரிய எக்ஸ். 'ஐ' தட்ட மறந்து, அவசரத்தில் பெயர் முழுவதையும் சாட்டில் தட்டிவிட்டேன்.

காலையில் நான் படித்து மூடிய டேப் எழுந்து வந்து திரை முழுக்க நின்றது: "தலையில் இருப்பது விக்கா? கண்டுபிடிக்கும் வழிகள்." (போட்டோவில் மாப்பிள்ளைக்கு முடி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தம்பியின் கடமை.)

பதறிப்போய்ச் சின்ன எக்ஸைக் குத்தினேன். மூடவில்லை. சேவியரின் ஸ்பெல்லிங்கிலேயே ஒரு 'ஐ' இருக்கிறதே! அது போகிற போக்கில் எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டது. இனி எக்ஸ் வெறும் எக்ஸ்தான்.

"என்னடா அது, விக்கு?" என்றாள் அம்மா, ஊருக்கே கேட்கும்படி. அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திரையின் மூலையில், குட்டிக் கட்டத்துக்குள், சேவியர் அங்கிள் கண்ணாடி போட்டுத் தலைப்பை வாசித்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் தலைமுடியை மொத்தமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார்.

"அப்பாவுது மட்டும்தாங்க விக்கு! என்னுது ஒரிஜினல், இழுத்துக் காட்டவா?" என்று மாப்பிள்ளை அலறினார். முதலில் சிரித்தது அக்காதான்.

கல்யாணம் நடந்தது. சேவியர் அங்கிள் அதன்பிறகு விக் வைப்பதே இல்லை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், கேக்கைக்கூடக் கீழே வைக்காமல், எல்லோர் முன்னிலும் என்னிடம் வந்து வழுக்கைத் தலையைக் குனிந்து காட்டுவார்.

"இழுத்துப் பாத்துக்கிடுங்க தம்பி."