நாற்பது வருடம் வரி கட்டியவர்

அன்று செவ்வாயா புதனா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கதவைத் திறந்த மகனின் காலில் இடது செருப்பு ஒரு ஜோடி, வலது செருப்பு வேறு ஜோடி என்பது மட்டும் நிச்சயம்.

மகனுக்கு வயது அறுபத்து மூன்று, அப்பாவுக்கு எண்பத்தாறு. வீட்டில் வேறு யாருமில்லை. அரசுச் செலவில் உதவியாள் கிடைக்காவிட்டால் அப்பாவை முதியோர் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை விசாரிக்கத்தான் ஆய்வாளர் அம்மாள் வந்திருந்தார்.

"இன்னிக்கு மட்டும் படுத்தே இருங்கப்பா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று காலையிலிருந்து கெஞ்சியாயிற்று.

அப்பா எழுந்து வந்து அம்மாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இவரால நடக்கவே முடியாதும்மா" என்றார் மகன்.

"யாரால?" என்று கேட்டபடி அப்பா மாடிப்படி ஏறினார்.

தடுக்க ஓடிய மகன், நாலாவது படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் இறங்கி வந்து தூக்கிவிட்டார். அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார்.

மகன் சமாளித்தார். "மாத்திரையெல்லாம் நான்தான் எடுத்துக் குடுக்கணும்." மாத்திரைப் பெட்டியைத் தேடினார். காணவில்லை.

"உன் சட்டைப் பையில இருக்குடா. உன் காலை மாத்திரையும் அப்படியே கிடக்கு, பாரு. முதல்ல அதை முழுங்கு" என்று அப்பா தண்ணீரை நீட்டினார்.

அம்மாள் மறுபடி எழுதினார்.

கருகல் வாசனை வந்தது. "அடுப்புல பால் வச்சேனோ?" என்றார் மகன். அதற்குள் அப்பா போய் அணைத்துவிட்டார்.

மகனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாப்பது வருஷம் ஒழுங்கா வரி கட்டின மனுஷன்மா! அவருக்கு ஒரு ஆள் போட அரசாங்கத்துக்குக் கை வராதா?"

"கட்டினது நான்தானே?" என்றார் அப்பா. "அதை எதுக்குச் செலவு பண்ணணும்னு எனக்கும் ஒரு யோசனை இருக்காதா?"

அம்மாள் கையெழுத்திட்டு எழுந்தார்.

"திங்கக்கிழமையிலிருந்து உதவியாள் வருவாங்க."

"இவர் இவ்வளவு ஓடியாடினதுக்கு அப்புறமுமா?"

"அவர் ஓடினா என்ன சார்? போன வாரம் ரெண்டு பஸ் மாறி ஆபீசுக்கு வந்து, விண்ணப்பத்துல தன் பேரை அடிச்சுட்டு உங்க பேரை எழுதிட்டுப் போனாரே. சொன்னா நல்லா இருக்கிற மாதிரி நீங்க நடிப்பீங்கன்னு சொல்ல வேண்டாம்னார். நான் பார்க்க வந்ததே உங்களைத்தான்."

அப்பா தொண்ணூற்றொரு வயதில் தன் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார். ஆய்வாளர் அம்மாள் ஓய்வு பெற்று, தனக்கும் ஒரு விண்ணப்பம் போட்டிருப்பதாகக் கேள்வி. மகன் அதே வீட்டில் இருக்கிறார். உதவியாள் இன்னும் வருகிறார்.