துள்ளிக் குதித்த கொய்னா

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு மருந்துதான் கண்டுபிடித்தேன். அது கசக்காது, கெட்டுப்போகாது, மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. நோயைக் குணப்படுத்தாது என்ற ஒரு சின்னக் குறையைத் தவிர அதில் வேறு குறையே சொல்ல முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. ஜொகூரில், ஸ்கூடாயிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எனக்கு ட்ரெஸ்ஸர் உத்தியோகம். ட்ரெஸ்ஸர் (சனங்கள் வாயில் டெஸர்) என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன், அவ்வளவுதான். ஆனால் பெரிய டாக்டர் ஜொகூர் பாருவிலிருந்து எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான்தான் டாக்டர், நான்தான் கம்பவுண்டர். (கண்ணாடி முன்னால் நின்று தலை வாரும்போது மட்டும் பேராசிரியர்.)

அந்தக் காலத்தில் தோட்டத்தை ஆண்டது வெள்ளைக்காரத் துரை இல்லை, குளிர்காய்ச்சல்தான். அதற்கு இருந்த ஒரே மருந்து கொய்னா. எங்கோ மலைநாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கிற வெள்ளைத் தூள். அதன் கசப்பை எழுத்தில் சொல்ல முடியாது. வேப்பங்கொழுந்தைத் தின்றுவிட்டு வாய் கழுவ நினைக்கிறவனுக்குக் கொய்னாவைக் கொடுத்தால், ஓடிப்போய் மறுபடியும் வேப்பங்கொழுந்தைத் தின்பான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் யாரும் நேரே மரத்தில் பால் வெட்டப் போக முடியாது. என் முன்னால் வரிசையில் வர வேண்டும். நான் உருட்டி வைத்த கொய்னா மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டி, பிறகு தன் பெயரைத் தானே உரக்கச் சொல்ல வேண்டும். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்தவனால் பெயரைத் தெளிவாகச் சொல்ல முடியாது என்பது துரையின் கண்டுபிடிப்பு. எங்கள் சனமா அதற்கெல்லாம் அசரும்? கன்னத்தில் மாத்திரையை வைத்துக்கொண்டே பெயர், தகப்பன் பெயர், ஊர் பெயர் எல்லாம் கணீரென்று சொல்லிவிட்டுப் போய், முதல் மரத்தடியில் துப்பிவிடுவார்கள். பால் வெட்டுகிற அஞ்சலை என்ற பெண்மணி ஒளிக்கவெல்லாம் மாட்டாள். ஆனாலும் ஒருநாள் சந்தேகப்பட்டு அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், கடித்துவிட்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

"ஏம்மா கடிச்ச?" என்றேன்.

"கசப்புல மாத்திர எது, ஒங்க வெரல் எதுன்னு தெரியலங்க டெஸரையா" என்றாள்.

இதெல்லாம் தினப்படி நடக்கிற கூத்து. இதற்காக நான் மருந்து கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. நான் கிளம்பியது தனபாக்கியத்துக்காக.

தனபாக்கியம் எங்கள் பெரிய கிராணியாரின், அதாவது தோட்டத்துத் தலைமைக் கணக்கரின், மகள். ஆபீசில் துரைக்கு அடுத்தபடி ஆறுமுகம் கிராணியார்தான். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, நடந்தால் தோட்டத்து நாய்கூட ஒதுங்கி வழிவிடும். அப்பேர்ப்பட்டவர் ரகசியமாகக் கொய்னாவுக்குப் பயந்தவர். காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லாரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டு, கடைசியில் சாப்பிடாமலே படுத்துவிடுவார். ஒருநாள் நான் துணிந்து, ஒரு நண்பரை விட்டுப் பெண் கேட்கச் சொன்னேன். மறுநாள் கிராணியார் என்னையே கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, பொண்ணு கேட்டு ஆள் விட்டீங்களாமே?"

"ஆமாங்கய்யா."

"நல்லது. பெரிய படிப்புப் படிச்சவர்னு சொல்றாங்க. கசக்காத கொய்னா ஒண்ணு செஞ்சு குடுங்க பாப்போம். அப்புறம் உக்காந்து பேசலாம்."

அவர் கிண்டலுக்குச் சொன்னார் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்கு அது சுயம்வரப் போட்டியாகவே பட்டது.

ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் வெல்லப்பாகில் மாத்திரையை முக்கினேன். எறும்பு வந்தது. பாகை எறும்பு தின்றுவிட்டுக் கொய்னாவை மட்டும் அப்படியே எனக்கு விட்டுவைத்தது. அடுத்து வாழைப்பழத்துக்குள் செருகினேன். சனங்கள் பழத்தைத் தின்று மாத்திரையைக் கொட்டை மாதிரி துப்பினார்கள். மெழுகு பூசினேன். ஜொகூர் வெயிலில் ஒரு டப்பா மாத்திரையும் சேர்ந்து ஒரே மாத்திரையாகிவிட்டது. (யானைக்குக் காய்ச்சல் வந்தால் பயன்பட்டிருக்கும்.)

இப்படி மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பால் கொட்டகைப் பக்கம் போனேன். வாளி வாளியாக ரப்பர்ப் பால் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளியின் விளிம்பில் வழிந்த பால் காய்ந்து, தோல் மாதிரி மெல்லிசாகப் படிந்திருந்தது. கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. அந்த நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மரத்தின் கசப்பை இன்னொரு மரத்தின் பாலால் மூடிவிட்டால்? இத்தனை பெரிய பெரிய வெள்ளைக்காரப் பண்டிதர்களுக்கு இது தோன்றவில்லையே என்று அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன். ஏன் தோன்றவில்லை என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மாத்திரையை ஊசியில் குத்தி, பாலில் தோய்த்து, ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போடும் புகைக்கூடத்தில் ஒரு மூலையில் வைத்துக் காய வைத்தேன். ஊசித் துளையை இன்னொரு சொட்டுப் பாலால் அடைத்தேன். கறுப்பும் பழுப்புமாக, பளபளவென்று, பார்க்கவே அழகாக வந்தது. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கசப்பு இல்லை. இந்தப் பக்கம் ஒதுக்கினேன், அந்தப் பக்கம் ஒதுக்கினேன். கசப்பே இல்லை! 'வெற்றி!' என்று கத்தினேன். என் ஆராய்ச்சி நாக்கோடு நின்றுவிட்டது, வயிற்றுப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த பெரட்டு, என் வாழ்க்கையின் பொற்காலம். வரிசையில் வந்தவர்கள் முகம் சுளிக்காமல் விழுங்கினார்கள். பெயரைப் பாட்டு மாதிரி சொன்னார்கள். மரத்தடியில் ஒரு மாத்திரைகூடக் கிடக்கவில்லை. அஞ்சலை விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு குடுங்க டெஸரையா" என்று கையை நீட்டினாள். கடித்த வாயே கேட்கிறது என்று நான் நெகிழ்ந்துபோனேன். துரை என் தோளைத் தட்டினார். கிராணியாருக்கு ஒரு கண்ணாடிக் குப்பி நிறைய அனுப்பினேன். மறுநாள் என்னைப் பார்த்து, "பரவால்ல தம்பி, ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் காப்பி குடிக்க வாங்க" என்றார். அன்று முழுக்க நான் கட்டிய கட்டெல்லாம் புண் இல்லாத காலில் விழுந்திருக்கும், அப்படி ஒரு நிலை.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. ஒருவருக்கு, இருவருக்கு என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரிக் கட்டிலெல்லாம் நிறைந்து, தரையில் பாய் போடும்படி ஆயிற்று. நான் கலங்கவில்லை. மழையைக் குற்றம் சொன்னேன். கொசுவைக் குற்றம் சொன்னேன். மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். சனங்களும் மகிழ்ச்சியோடு இரட்டிப்பாக விழுங்கினார்கள். காய்ச்சலும் இரட்டிப்பாயிற்று.

நல்லவேளை, ஒருவர்கூடச் சாகவில்லை. செத்திருந்தால் இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்குக் கை வந்திருக்காது.

கடைசியில் பெரிய கிராணியாரே விழுந்துவிட்டார். பல் கிடுகிடுக்க, இரண்டு கம்பளிக்கு அடியில் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். தனபாக்கியம் தலைமாட்டில் நின்று ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"கசக்கல தம்பி" என்று முனகினார் கிராணியார். "சும்மா சொல்லக் கூடாது, கசக்கவே இல்ல. ஆனா காய்ச்சல் மட்டும் போகல."

"நாளைக்கு மூணா சாப்பிடுங்கய்யா" என்றேன் நான்.

ஆபீசுக்கு ஆளில்லாமல் போனதும் துரை பயந்து பெரிய டாக்டருக்குத் தந்தி அடித்தார். அவரும் மறுநாளே காரில் வந்து இறங்கினார். நெட்டையான கிழவர், சிரித்துப் பார்த்தவர் யாரும் கிடையாது. துரை கூட வர, கிராணியார் வீட்டுக்குள் நுழைந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார். "கொய்னா கொடுத்தீரா?" என்று என்னைக் கேட்டார்.

"கொடுத்தேன் ஐயா. நானே புதிதாகத் தயாரித்தது. கசக்காது" என்றேன் ஆங்கிலத்தில், மார்பை நிமிர்த்திக்கொண்டு. தனபாக்கியம் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"எடும், பார்ப்போம்."

குப்பியைத் திறந்தேன். பெருமையில் அதை வேகமாகச் சாய்த்ததில் ஒரு மாத்திரை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

மாத்திரை விழுந்தால் என்ன செய்யும்? உடையும், இல்லாவிட்டால் உருளும். இது துள்ளியது. என் முழங்கால் உயரம் எழும்பி, மறுபடி விழுந்து, மறுபடி எழும்பி, டாக்டரின் பூட்சைத் தாண்டி, கட்டிலைச் சுற்றி, தத்தித் தத்திப் போய்த் தனபாக்கியத்தின் காலடியில் நின்றது.

டாக்டர் குப்பியை என் கையிலிருந்து வாங்கி, இன்னொன்றை எடுத்து வேண்டுமென்றே கீழே போட்டார். துள்ளியது. துரைக்கும் ஆசை வந்து ஒன்றை வாங்கிப் போட்டார். அது இன்னும் உயரமாகத் துள்ளியது. "ட்ரெஸ்ஸர், இது என்னா மருந்து? பந்து மாதிரி இருக்கு!" என்றார் தோட்டத் தமிழில்.

"எதைப் பூசினீர்?" என்றார் டாக்டர்.

"ரப்பர்ப் பால், ஐயா."

"ரப்பர்" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "மழைக்கோட்டு செய்கிறார்களே, அந்த ரப்பர். அது வாயில் கரையாது, சரி. வயிற்றில் கரையும் என்று உமக்கு யார் சொன்னது?"

அப்போதுதான் என் ஆராய்ச்சி முதல் முறையாக வயிற்றை எட்டியது. டாக்டர் என்னை அதோடு விடவில்லை. கட்டில் பக்கம் திரும்பிக் கிராணியாரிடம், மாத்திரை வெளியே முழுதாக வந்ததைக் கவனித்தீர்களா என்று கேட்டார். மகள் முன்னால், துரை முன்னால், என் முன்னால் அந்தக் கேள்வி! கிராணியார் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"கவனிச்சேன் சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சீத்தாப்பழக் கொட்டைன்னு நெனச்சேன். சீத்தாப்பழம் எப்பச் சாப்பிட்டோம்னுதான் ஞாபகம் வரல."

தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அப்போது நினைத்து, நான் செத்துப்போனேன்.

பிறகு அஞ்சலையைப் பார்த்தபோது, "ஒனக்குமா தெரியாது? சொல்லக் கூடாதா?" என்று ஆற்றாமையில் கேட்டேன்.

"லயத்து வீடுங்கள்ல எல்லாருக்கும் தெரியுங்க டெஸரையா. வாயத் தொறந்தா நீங்க பழையபடி கசப்பக் குடுத்துருவீங்களேன்னுதான் மூடிக்கிட்டு இருந்தோம்" என்றாள்.

டாக்டர் என்னை வேலையிலிருந்து தூக்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று செய்தார். இனிமேல் கொய்னாவை மாத்திரையாகக் கொடுக்கவே கூடாது, தண்ணீராகக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும், தினமும் முதல் ஆளாக ட்ரெஸ்ஸர் குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்படியே நடந்தது. தோட்டமே பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கஷாயத்தைக் குடித்து, வாயை ஆவென்று திறந்து அஞ்சலையிடம் காட்டி (அவள்தான் சோதிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்), "நடேசன்!" என்று என் பெயரைக் கத்த வேண்டும். சரியாகக் கேட்கவில்லை என்று அவள் மறுபடி கத்தச் சொல்வாள்.

கசப்புத் தண்ணீர் வேலை செய்தது. சனங்கள் எழுந்தார்கள், கிராணியாரும் எழுந்தார். கல்யாணப் பேச்சு மட்டும் எழவில்லை. என்னைக் கண்டால் அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார், வெயில் இல்லாவிட்டாலும். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஊரைப் பார்க்கப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

இடையில் கோலாலம்பூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தாராம். நல்ல உத்தியோகம், தங்கச் சங்கிலி வைத்த கடிகாரம். தனபாக்கியம் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா காரணம் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தெனம் காலையில அடுப்படியில நிக்கறப்ப அவரு பேரு காதுல விழுதுப்பா. செஞ்ச தப்புக்கு ஊரு முன்னால கசப்பக் குடிச்சிட்டு, வாயத் தொறந்து காட்டுறாரு. அந்தக் கடியாரக்காரரு காட்டுவாரா?"

கிராணியார் கையிலிருந்த குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, "அன்னிக்கு அடுப்படில நீ அழுதேன்னு நெனச்சேனே" என்றாராம்.

"சிரிப்ப அடக்க முடியலப்பா" என்றாளாம்.

எங்கள் கல்யாணப் பந்தியில் அஞ்சலை தன் இலையில் வைத்த லட்டை எடுத்து, எல்லாரும் பார்க்கத் தரையில் ஒரு போடு போட்டாள். "டெஸரையா வீட்டுப் பலகாரம்ங்க, துள்ளுதான்னு பாத்துட்டுத் திங்கிறேன்" என்றாள். முதலில் சிரித்தது என் மாமனார்.

இப்போது எனக்கு ரத்தக் கொதிப்பு. பேரன் வயதில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். தனபாக்கியம் ஒவ்வொரு புது மாத்திரையையும் முதலில் தரையில் போட்டுப் பார்க்கிறாள். போன வாரம் அந்த டாக்டர் முன்னாலேயே போட்டாள். பையன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான்.

"துள்ளல. தைரியமாச் சாப்பிடுங்க" என்று எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

நான் விழுங்கினேன். வாயைத் திறந்து அவளிடம் காட்டினேன். பிறகு என் பெயரைச் சொன்னேன்.

"கேக்கல" என்றாள்.