இன்ஸ்பெக்டர் கையில் ரிமோட்

இன்றைக்கு எப்படியும் மனைவியைத் தன் பக்கம் திரும்ப வைத்துவிடுவது என்று குமாரசாமி முடிவு கட்டினார்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்ட் பார்த்த காலமெல்லாம் போய், இப்போது ஆறு மணிக்கே வீட்டில் ஆஜர். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். பேச்சுத் துணைக்கு இருப்பது மனைவி சித்ராதேவி ஒருத்திதான். அவளோ எட்டு மணியானால் போலீஸ் சீரியலுக்குள் குடியேறிவிடுவாள். அங்கே ஒரு கொலைக் கேஸ். கேஸ் யார் கையில் என்று டி.எஸ்.பி.க்கும் பெண் இன்ஸ்பெக்டருக்கும் தினமும் முட்டல் மோதல். இந்த வீட்டில் அந்தத் தகராறே கிடையாது. ரிமோட், சாவிக்கொத்து, குமாரசாமி எல்லாமே இன்ஸ்பெக்டர் சித்ராதேவி கையில்தான்.

ஒரு காலத்தில் அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்து, கதை கதையாகப் பேசியவள் அவள். அப்போது சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி வழிந்தவர் இவர். அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

டிவியில் ராத்திரி எட்டு மணிக்கு வரும் எபிசோட் செல்போனில் காலையிலேயே வந்துவிடும். டீ டைமில் வேஸ்ட் துணி மூட்டை மேல் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் அப்புறம் சீரியலில் என்ன இருக்கிறது? அவள் டிவியை அணைத்துத்தானே ஆகவேண்டும்!

எட்டு மணிக்கு டைட்டில் பாட்டு ஓடும்போதே போட்டு உடைத்தார்.

"ஏம்புள்ள, கொன்னது டி.எஸ்.பி.யோட மருமகன்!"

சித்ராதேவி திரும்பினாள். முழு முகமும் தெரிந்தது. எத்தனை நாளாயிற்று!

"நெசமாவா சொல்றீங்க? எப்படீங்க இன்ஸ்பெக்டர் கண்டுபுடிச்சா?"

"ரத்தச் சட்டைய ஒளிச்சு வெச்சதே டி.எஸ்.பி.தான். கேஸ விட்டுருன்னு மெரட்டுனாரு. அவ அசரல. 'மொதல்ல உங்களத்தான் விசாரிக்கோணும், எந்திரிங்க'ன்னுட்டா!"

"அட சாமி! அப்பறம்?"

குமாரசாமி எழுந்து நின்று நடித்தே காட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரிமோட்டை எடுத்தாள். அவர் நெஞ்சு குளிர்ந்தது. அவள் சேனலை மாற்றினாள்.

"என்ன புள்ள இது?"

"இதே நேரத்துக்கு இதுல மாமியா மருமக நாடகம் வருதுங்க. ரெண்டையும் பாக்க முடியலையேன்னு எத்தன நாளா ஏங்கிட்டு இருந்தேன் தெரியுங்களா? இனி தெனமும் அந்தப் போலீஸ் நாடகத்த நீங்க பாத்துட்டு வந்து சொல்லிப்போடுங்க."

"உங்கூடப் பேசோணும்னுதான் புள்ள நான்..."

"பேசுங்க, ஆரு வேண்டாம்னா? கண்ணுதானுங்க டிவில, காது உங்க பக்கந்தான். ஆனா மெதுவாப் பேசுங்க, அவங்க பேசறது கேக்கோணுமில்லீங்க."