பித்தப்பை இல்லாதவளுக்குப் பித்தக்கல்

உவாங்காயோ ஊர்ச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் வைத்தியர் செனோபியோவின் மகிமை. மேசை நிறையக் கண்ணாடிக் குப்பிகள். குப்பி நிறையப் பச்சைக் கற்கள். பட்டாணி அளவில் சில, கோலிக்குண்டு அளவில் சில. அத்தனையும் பக்தகோடிகளின் பித்தப்பையிலிருந்து உதிர்ந்தவையாம்! கத்தி இல்லை, ரத்தம் இல்லை. காட்டிலிருந்து வந்த கல்லுடைக்கும் மூலிகைப் பூண்டின் கஷாயம். அதன்மேல் ஒரு கிளாஸ் ஒலிவ எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். விடிந்தால் கல் கையில். ஒலிபெருக்கியில் அவர் போட்ட சத்தத்தில் கூண்டுக் கோழிகள் கொக்கரிக்க மறந்திருந்தன.

பூண்டின் மேல் பழி சொல்லக்கூடாது. நீர்க்கடுப்புக்கு அதைக் கொதிக்கவைத்துக் குடிப்பது அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். அதில் என்ன சத்து இருக்கிறது, எதற்குக் கேட்கும் என்று ஆய்வுக்கூடத்தில் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செனோபியோவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பெத்ரோனிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேருந்து நிலையத்தில் தலைநகர் வண்டிக்கு "லீமா, லீமா" என்று கூவி டிக்கெட் விற்பவள் அவள். தங்கை எல்மிராவுக்குப் பித்தப்பையில் கல். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். செனோபியோவின் மருந்தைக் குடித்துவிட்ட எல்மிராவோ அசைவதாக இல்லை.

"அதான் கல்லு கல்லா வெளிய வந்துருச்சேக்கா. இன்னும் எதுக்கு என்னை அறுக்கணும்?"

"வந்துருச்சுன்னா வலி ஏன்டி போகல? கண்ணு ரெண்டும் மஞ்சளா கெடக்கு. காய்ச்சல் வேற."

"கடைசிக் கல்லு முரண்டு பிடிக்குதாம். வைத்தியரய்யா சொன்னாரு."

இருப்பது ஒரே தங்கை. பெத்ரோனிலா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் செனோபியோவிடம் போய் அதே மருந்தை வாங்கிக் குடித்தாள். மறுநாள் காலை அவளுக்கும் கல் வந்தது. தங்கையைக் கையோடு இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

அவள் கல்லைப் போட்டுக் கொடுத்த குப்பியைச் செனோபியோ உயர்த்திக் காட்டினார். "பாருங்க மக்களே! இந்தம்மா பித்தப்பையில எத்தனை வருசத்துக் கல்லு!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா. என் பித்தப்பைலேர்ந்துதானா?"

"சந்தேகமே வேண்டாம் தாயி. வேற எங்கேர்ந்து வரும்?"

பெத்ரோனிலா சட்டையைச் சற்றுத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். லீமாவுக்கே கேட்கிற குரலில் கூவினாள். "என் பித்தப்பையை எடுத்துப் போட்டு நாலு வருசமாச்சு! ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்தேன்! அதுவா நடந்து வந்து கல்லு போட்டுச்சு?"

கூட்டம் தழும்பை எட்டிப் பார்த்தது. செனோபியோ மட்டும் அசரவில்லை. தொழில் தெரிந்த மனுஷன்.

"அதாம்மா பூண்டோட மகிமை! புதுசா முளைக்க வெச்சிருக்கு!"

கூட்டம் கைதட்டியது. தட்டாமல் என்ன செய்யும்? ஒருவர் முண்டியடித்து முன்னால் வந்தார். "ஐயா, எங்க மாமனாருக்குப் பல்லு முளைக்குமா?"

பெத்ரோனிலா தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் வாற்கோதுமைக் கஷாயம் விற்பவரிடம் இரண்டு தம்ளர் கொதிக்கும் வெந்நீர் வாங்கினாள். நாலு வருஷத்துக்கு முன் டாக்டர் எடுத்துக் கொடுத்த தன் கல்லைப் பையிலிருந்து எடுத்து ஒன்றில் போட்டாள். அது "டிங்" என்று அடியில் உட்கார்ந்தது. செனோபியோவின் பச்சைக் கல்லை மற்றதில் போட்டாள். அது மிதந்தது. பிறகு குழைந்தது. கடைசியில் வெந்நீரின் மேல் எண்ணெய்ப் படலம்தான் மிச்சம்.

"நீங்க குடிச்ச எண்ணெயும் எலுமிச்சையும் வயித்துக்குள்ள சோப்பா உருண்டு வருது. அதைத்தான் கல்லுன்னு கும்பிடுறீங்க!"

கஷாயக்காரர் தம்ளரை மோந்து பார்த்து, "எண்ணெய் வாடைதான்" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் குப்பியைத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்குப் பாய்ந்தார்கள். அந்தச் சந்தடியில் செனோபியோ ஒலிபெருக்கியை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். வைத்தியத்தைவிட ஓட்டத்தில் கெட்டிக்காரர்.

எல்மிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவின் தோளில் சாய்ந்தாள். "வியாழக்கிழமை வரைக்கும் வேண்டாம்க்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. பயமா இருக்கு."

பெத்ரோனிலா அவளை அணைத்து அழைத்துப் போனாள். பின்னால் மாமனாருக்குப் பல் கேட்டவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "அப்போ பல்லு முளைக்காதா?"

உருளைக்கிழங்கு வாங்கினால் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்க்கிற ஊர் அது. கிழங்குக்குக் காட்டுகிற சந்தேகத்தில் பாதியை வைத்தியர் மேல் காட்டியிருந்தால், எல்மிராவுக்கு இந்த நிலை வந்திருக்காது. மண்டையில் இருப்பது கல் இல்லையென்றால், அதைக் கொஞ்சம் பயன்படுத்துங்களய்யா!